எல்லாரும் நார்மல்

எனுக்குக் கோவம் ஜாஸ்தி. இத்த மொதல்லயே சொல்லிடறேன். அப்பாலிக்கா யாரும் வந்து "சிஸ்டர் இப்டிப் பேசிட்டாங்களே"ன்னு மூஞ்சத் தூக்கிகினு நிக்கக் கூடாது. பேரு எல்சி. ராயபுரத்துல ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரில ஆம்பளை வார்டு இன்சார்ஜ் சிஸ்டர். ஆஸ்பத்திரி பேரு வேணாம், இன்னும் அங்கதான் வேலை செஞ்சுகினு கீறேன்.

வார்டுல முப்பத்திநாலு கட்டில். காலை டூட்டிக்கு நானும் ஜூடியும். மத்தியானத்துக்கு ஒருத்தி, ராவுக்கு ஒருத்தி. காலைல மூணாவதா ஒருத்தி இருந்தா. நான் சொல்றது நடந்தப்ப அவ குவைத்துக்குப் போயி ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. அந்த எடம் அப்டியே காலியா கெடந்துச்சு. ரெண்டு வருசமா மாசம் ஒரு தபா மேனேஜர் ரூமுக்குப் போயி, "சார், மூணாவது ஆளு"ன்னு கேப்பேன். "பாக்கலாம் எல்சி"ன்னுவாரு. அவரு பாத்துகினே இருந்தாரு, நாங்க ஓடிகினே இருந்தோம்.

மேனேஜரு அலெக்ஸாண்டர் சாரு கெட்ட மனுசன் இல்ல. பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டுல முப்பது வருசம் வேகனை எண்ணி அனுப்பிகினு இருந்து ரிடையர் ஆனவரு. எங்களையும் வேகன் கணக்காத்தான் பாப்பாரு. எஞ்சின் கீதோ இல்லியோ, டயத்துக்குப் போய்ச் சேரணும்.

ரெண்டாயிரத்து ஆறாம் வருசம், டிரஸ்ட்காரங்களுக்குத் தரச் சான்றிதழ் வாங்கணும்னு ஒரு ஆசை வந்துச்சு. அதுக்கு ஒரு தடி புக்கு. அந்த புக்குல போட்டிருந்துதாம், நர்ஸுங்களுக்கு மனசு டென்ஷன் கொறைய வகுப்பு நடத்தணும்னு. ஒரு நாள் நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க: பணியாளர் மன நிம்மதி முகாம், ஆறு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னெண்டுலேர்ந்து ஒண்ணரை. வராதவங்களுக்கு மெமோ.

நிம்மதியா இல்லேன்னா மெமோவாம். எனுக்கு உச்சிக்கு ஏறிச்சு. நேரா அவரு ரூமுக்குப் போனேன்.

"சார், எங்களுக்கு டென்ஷனே ஆளு இல்லாததாலதான். மூணாவது ஆளு போடுங்க, தானா நிம்மதி வரும்."

"ஆள் இல்லைங்கிறது ஒரு பிரச்சினை. டென்ஷன்ங்கிறது வேற பிரச்சினை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே எல்சி."

"நானும் ஜூடியும் வகுப்புக்கு வந்துட்டா வார்டை யாரு பாப்பா? டூட்டி முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அவரு புக்கைப் பொரட்டினாரு. டூட்டி நேரத்துலதான் நடத்தணும்னு அதுலயே போட்டிருந்துச்சு. மத்த வார்டுல மாத்தி மாத்தி ஆளு அனுப்பிக்கலாம். எங்க வார்டுலதான் ரெண்டே பேரு. கடைசீல ஏஜென்சிலேர்ந்து ஒரு நர்ஸை வரவழைக்கலாம்னாரு. ஏஜென்சிக்காரன் ஒண்ணரை மணி நேரத்துக்கெல்லாம் ஆளு அனுப்பமாட்டேன்னுட்டான். ஆறு வாரம்னா ஆறு வாரமும் டெய்லி காலை டூட்டிதானாம். அலெக்ஸாண்டர் சாரு முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம சரின்னாரு. அப்டித்தான் சிவந்தி வந்தா.

சிவந்தி வர்றதுக்கு மின்னாடி நாளு ஒரு வேலை செஞ்சேன். அத்தயும் சொல்லியே ஆவணும்.

மேனேஜர் ரூமுலேர்ந்து ஒரு கட்டு ஃபாரம் வந்துச்சு. வகுப்புக்கு வர்ற இருபத்திரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் இருபது கேள்வி. சீக்கிரம் கோவம் வருதா, தூக்கம் இல்லியா, வேலைக்குக் கெளம்பறப்ப அழுகை வருதா, இந்த மாதிரி. எப்பவும், அடிக்கடி, எப்பயாவது, ஒருபோதும் இல்லைன்னு கட்டம். நான்தான் சீனியருன்னு என் தலைல கட்டிட்டு, பன்னெண்டு மணிக்குள்ள ஃபில்லப் பண்ணி அனுப்பணும்னு சீட்டு வேற.

அன்னிக்குப் பாத்து எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரியும் ஷேர் ஆட்டோவும் மோதி நாலு பேரு வந்துட்டாங்க. ஒருத்தனுக்குக் கை, ஒருத்தனுக்கு மண்ட, மீதி ரெண்டு பேருக்கு அடி இல்ல, வாயிதான். அந்த கலாட்டால ஜூடி ஃபாரக் கட்டைத் தூக்கிகினு வந்து நிக்கிறா.

"எக்கா, இந்த ஃபாரம் இன்னா பண்றது?"

"நார்மல் போட்டு அனுப்புடி"ன்னேன்.

இது எங்க வார்டுல டெய்லி நடக்கற பேச்சுதான். நாலு மணி நேரத்துக்கு ஒரு தபா ஒவ்வொரு பேஷண்டுக்கும் ஜுரம் பாத்து சார்ட்டுல புள்ளி வெக்கணும். முப்பத்திநாலு பேரு வாயிலயும் தெர்மாமீட்டரை வெச்சுகினு நின்னா, ஊசி யாரு போடறது, டிரிப்ஸ் யாரு மாத்தறது? அதனால கட்டில் கட்டிலா போய்க்கினே நெத்தியத் தொட்டுப் பாப்போம். கை சூடுன்னு சொன்னாத்தான் தெர்மாமீட்டரு. இல்லாட்டி தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு, நார்மல். அதுவும் இல்லாம, நூறுன்னு எழுதிட்டா டாக்டருக்குச் சொல்லணும், துணி நனைச்சுப் போடணும், அரை மணி கழிச்சு மறுபடியும் பாக்கணும். நார்மல்னு எழுதிட்டா யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. என் கையே தெர்மாமீட்டருன்னு எனுக்கு ஒரு கெத்து.

அந்தப் பழக்கத்துல ஜூடி இருபத்திரெண்டு ஃபாரத்தையும் ஒரே பேனாவால இருபது நிமிசத்துல முடிச்சுட்டா. எல்லாத்துலயும் ஒருபோதும் இல்லை. எனுக்குக் கோவம் வருதான்ற கேள்விக்கும் அதுதான்.

மறுநாளு செவ்வாய்க்கிழமை. சிவந்தி திருவொற்றியூர்லேர்ந்து ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டா. ஒல்லியா, கம்முனு இருந்தா. வேலையப் பிரிச்சுக் குடுத்துட்டு ஒரு கட்டுப் போடப் போனேன். போட்டு முடிச்சுத் திரும்பினா, அவ மூணாவது கட்டில்கிட்ட வாட்ச்சைப் பாத்துகினு சொம்மா நிக்கிறா.

"இன்னாடி பண்றே?"

"டெம்பரேச்சர் பாக்குறேன் சிஸ்டர்."

"அத்தான் கேக்கறேன், இன்னாத்துக்கு?"

நான் சொன்னது எனுக்கே காதுல வுழுந்தப்புறம், "சரி சரி, பாரு"ன்னுட்டுப் போய்ட்டேன்.

பன்னெண்டு மணிக்கு மாடி ஹாலுக்குப் போனோம். வகுப்பு எடுக்க வந்தவரு பேரு அறிவு. முப்பது வயசு, வியாசர்பாடிப் புள்ள. சமூகசேவைப் படிப்பு படிச்சவரு. ஆனா வாயத் தொறந்தா ரேடியோல செய்தி வாசிக்கறாப்புல பேசுவாரு.

"அன்பு நண்பர்களே! உங்கள் படிவங்களைப் பார்த்தேன். எட்டு மருத்துவமனைகளில் பயிற்சி அளித்திருக்கிறேன். மன அழுத்த மதிப்பெண் பூஜ்யம் எடுத்த ஒரே மருத்துவமனை இதுதான். ஒருவருக்குக்கூட ஒன்றுமே இல்லை!"

அவரு மெய்யாலுமே கை தட்டினாரு. நாங்களும் தட்டினோம். ஜூடி என் காதுல, "எக்கா, நம்ம ஃபர்ஸ்ட்டு"ன்னா.

மொத வாரம் சிரிப்புப் பயிற்சி. எல்லாரும் கைய மேல தூக்கிகினு ஹா ஹான்னு கத்தணுமாம். பக்கத்துல லேபர் ரூமு. வாசல்ல குந்திகினு இருந்த ஒரு பெரியவரு, சத்தத்தக் கேட்டுப் பேரன் பொறந்துட்டான்னு மிட்டாய் வாங்க ஓடிட்டாரு. பொறந்தது சாயங்காலம், அதுவும் பேத்தி. மிட்டாய் நல்லாத்தான் இருந்துச்சு.

ரெண்டாவது வாரம் கண்ண மூடச் சொன்னாரு. "நீங்கள் ஓர் அமைதியான கடற்கரையில் இருக்கிறீர்கள்"ன்னாரு. குந்தி இருந்ததுல பாதிப் பேரு காசிமேட்டுல பொறந்தவங்க. சீனியம்மாள்னு எங்க வார்டு ஆயா, ஒரு கண்ண மட்டும் தொறந்து, "எத்தினி மணிக்குத் தம்பி? காலைல நாலு மணின்னா ஏலம் நடக்கும், அமைதியா இருக்காது"ன்னுச்சு. எனுக்கு எங்க கொழுந்தனாரும் அவரு பங்காளியும் வலைக்கு அடிச்சுக்கறதுதான் தெரிஞ்சுது. அறிவு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "சரி, மலைன்னு வெச்சுக்கோங்க"ன்னாரு. எங்கள்ல யாரும் மலை பாத்ததில்ல.

மூணாவது வாரம் பாயைப் போட்டுப் படுக்கச் சொன்னாரு. கால் கட்டை விரலைத் தளர்த்துங்கள்னு ஆரம்பிச்சாரு. கணுக்கால்கிட்ட வந்தப்பவே குறட்டை கேட்டுச்சு. முட்டிக்கு வர்றதுக்குள்ள இருபத்திரெண்டு பேரும் அவுட்டு. ஒண்ணரைக்குக் கண்ண முழிச்சா, அறிவு ஃபேனைப் பெரிசா வெச்சுட்டு, எழுப்பாம அப்டியே குந்திகினு கீறாரு. தங்கமான புள்ள. அன்னிலேர்ந்து செவ்வாய்க்கிழமைன்னா எங்களுக்கு உசுரு.

வகுப்பு கெடக்கட்டும். நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதுதான் விசயம்.

மாதவரத்துக்காரரு, லாரி டிரைவரு, சுப்பராயன்னு ஒருத்தரு ஒம்போதாவது கட்டில்ல இருந்தாரு. கால் எலும்பு ஒடைஞ்சு ஆபரேஷன் ஆனவரு. வாய் ஓயவே ஓயாது, நர்ஸுங்களுக்கெல்லாம் கல்யாணத்துக்கு மாப்ள பாத்துக் குடுப்பாரு, எனுக்கு உட்பட. சிவந்தி வந்த மூணாம் நாளு காலைல, சார்ட்டைத் தூக்கிகினு என்கிட்ட ஓடி வந்தா.

"சிஸ்டர், ஒம்பதாவது பெட்டுக்கு நூத்தி ரெண்டு."

"இருக்காது. இப்பத்தான் தொட்டுட்டு வந்தேன்."

"மூணு தடவை பாத்துட்டேன் சிஸ்டர்."

போயிப் பாத்தேன். நூத்தி ரெண்டுதான். டாக்டரு வந்து கட்டைப் பிரிச்சா உள்ள சீழ் கோத்துகினு கீது. நாலு நாளாவே உள்ளாற வேலை செஞ்சுகினு இருந்துருக்குதுன்னாரு. சார்ட்டைப் பாத்தாரு. நாலு நாளும் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. "திடீர்னு ஏறியிருக்கு போல"ன்னுட்டு சுத்தம் பண்ணி மருந்து மாத்தினாரு. இன்னும் ரெண்டு நாளு போயிருந்தா காலே போயிருக்கும்னு போற போக்குல சொன்னாரு.

சுப்பராயன் என்னப் பாத்துச் சிரிச்சாரு. "இன்னா சிஸ்டரம்மா, மூஞ்சி இப்டி ஆயிடுச்சு? ஜுரம் எனுக்கா ஒனுக்கா?"

ஸ்டோர் ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திகினு, என் கையப் பாத்துகினு நின்னேன். அசிங்கமா இருந்துச்சு. அந்தாளுக்கு வூட்டுல ரெண்டு பொண்ணுங்க, அவரு காலை நம்பித்தான் அடுப்பு எரியுது. நான் கெத்தா நெத்தியத் தொட்டுட்டு நார்மல்னு எழுதிகினு இருந்துருக்கேன்.

அன்னிக்கு முடிவு பண்ணேன். சிவந்தி போவக் கூடாது. இன்னா ஆனாலும் சரி.

மூணு பேரு இருந்தா வார்டு எப்டி இருக்கும்னு எனுக்கு மறந்தே போயிருந்துச்சு. குழம்பு சூடு ஆறாம துன்னோம். பாத்ரூம் வந்தப்ப பாத்ரூம் போனோம். இத்தப் படிக்கறவங்க சிரிப்பீங்க, ஆனா நர்ஸு யாரயாவது கேட்டுப் பாருங்க, அது எவ்ளோ பெரிய சொகம்னு. மூணு பேரும் பங்கு போட்டுகினு எல்லாருக்கும் ஒழுங்கா ஜுரம் பாத்தோம். ஜூடி, அடுத்த மாசம் வேலைய வுட்டுடறேன்னு சொல்லிகினு இருந்தவ, அந்தப் பேச்சையே எடுக்கல. என் வூட்டுக்காரரு அம்புரோஸ், ஹார்பர்ல கிரேன் ஓட்டறவரு, ஒரு நாளு சாயங்காலம் என்ன உத்து உத்துப் பாத்துட்டு, "இன்னா எல்சி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? வந்ததுலேர்ந்து கத்தவே இல்லியே?"ன்னாரு.

அஞ்சாவது செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிஞ்சதும் அலெக்ஸாண்டர் சாரு ஹாலுக்கு வந்தாரு. அடுத்த வாரத்தோட முகாம் முடியுது, சிவந்திக்கும் அன்னிக்கோட கடைசி நாளுன்னாரு.

"சார், அந்தப் பொண்ணை அப்டியே வெச்சுக்கலாம் சார். அவ வந்தப்புறம்தான் எங்களுக்கு டென்ஷன் கொறைஞ்சிருக்கு."

"எங்கே குறைஞ்சிருக்கு?" கைல இருந்த ஃபைலைத் தொறந்து காட்டினாரு. "அவ வர்றதுக்கு முன்னாடி உங்க டென்ஷன் பூஜ்யம். நீயே வாங்கி அனுப்பின ஃபாரம். பூஜ்யத்துக்குக் கீழ எப்படிம்மா குறையும்? ரெண்டு பேரை வெச்சுக்கிட்டே இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க, மூணாவது எதுக்குன்னு டிரஸ்ட்ல கேட்டா நான் என்ன சொல்ல?"

பதினெட்டு வருச சர்வீஸ்ல எனுக்கு வாயடைச்சது அது ரெண்டாவது தபா. மொத தபா கல்யாணத்தன்னிக்கு.

அவரு போனப்புறம் பாத்தா அறிவும் மொகம் தொங்கிப் போயி நிக்கிறாரு. "மேடம், முகாமுக்கு முன், முகாமுக்குப் பின் என்று இரண்டு மதிப்பெண் கொடுக்க வேண்டும். முன்னேற்றம் காட்டாவிட்டால் எங்கள் நிறுவனத்தில் என்னை..." அப்டியே நிறுத்திட்டு, சுத்திமுத்தும் பாத்துட்டு, "பேஜாராயிடுச்சு எக்கா"ன்னாரு. வியாசர்பாடி வெளிய வந்துடுச்சு.

ஜூடி ஒரு ஐடியா குடுத்தா. "எக்கா, அடுத்த வாரம் குடுக்கற ஃபாரத்துல எல்லாத்துக்கும் 'எப்பவும்'னு போட்டுடலாம். டென்ஷன் ஏறிட்டா ஆளு போட்டுத்தானே ஆவணும்?"

"அடியே அறிவுகெட்டவளே! ஆறு வாரம் வகுப்பு எடுத்து, ஒரு ஆளையும் குடுத்து, அதுக்கப்புறம் டென்ஷன் ஏறிச்சுன்னா, வகுப்பும் தண்டம் சிவந்தியும் தண்டம்னுதானே அர்த்தம்? ரெண்டயும் மொதல்ல நிறுத்துன்னுவாரு."

"அப்ப நார்மல்னே போட்டா?"

"நார்மலா இருக்கறவளுக்கு இன்னாத்துக்கு ஆளு?"

ஜூடி விரலை மடக்கி மடக்கிப் பாத்தா. "எக்கா, எப்டிப் போட்டாலும் மாட்டிகினோமே!"

மாட்டிகினது அவ இல்ல, நானு. நார்மல் போட்டு அனுப்புன்னு சொன்ன வாயி என் வாயி. அந்த ஒரு வாரமும் சோறு எறங்கல. உண்மையச் சொன்னா சிவந்திக்கு ஒரு வழி கீது. ஆனா ஃபாரம் பொய்யின்னா சார்ட்டும் பொய்யான்னு கேப்பாரு. கேப்பாருதான். பதினெட்டு வருசத்துல ஒரு மெமோ வாங்கினதில்ல நான். சான்றிதழ் நேரம் வேற, வேலையே போனாலும் போச்சு. சொல்லாம வுட்டா, அடுத்த புதன்கிழமைலேர்ந்து மறுபடியும் என் கைதான் தெர்மாமீட்டரு.

ஆறாவது செவ்வாய்க்கிழமை, வகுப்புக்கு மின்னாடி, அறிவையும் இட்டுகினு மேனேஜர் ரூமுக்குப் போனேன். அலெக்ஸாண்டர் சாரு ஃபேனை நிறுத்திட்டு, வேர்க்க வேர்க்க அந்தத் தடி புக்கைப் படிச்சுகினு இருந்தாரு. மறுவாரம் சான்றிதழ்காரங்க வர்றாங்க. மூணு மாசமா மனுசன் ஞாயித்துக்கிழமை சர்ச்சு பூசைக்குக்கூட லேட்டாத்தான் வந்துகினு இருந்தாரு.

"சார், அந்த ஃபாரம் எல்லாம் பொய்யி. யாரையும் கேக்கல. ஜூடி ஒருத்தியே எழுதினா. நான்தான் எழுதச் சொன்னேன்."

அவரு கண்ணாடியக் கழட்டினாரு. "இதோ பார் எல்சி. அந்தப் பொண்ணை வெச்சுக்கணும்னு நீ என்ன வேணும்னாலும் சொல்லுவே. நான் நம்பமாட்டேன்."

இது எப்டி கீது? வாழ்க்கைல மொத தபா உண்மைய ஒத்துக்கறேன், நான் பொய்க்காரின்றதுக்குச் சாட்சி கேக்கறாரு! அறிவு ஃபாரத்தை எடுத்து மேசைல பரப்பினாரு. "சார், இருபத்திரெண்டும் ஒரே கையெழுத்து. நானே இப்போதுதான் கவனித்தேன்."

"சரி, அவசரத்துல எழுதிட்டீங்க. ஃபாரம்தானே. பேஷண்ட் சார்ட்டையா பொய்யா எழுதினீங்க?"

அவரு சொம்மா கேட்டாரு. அப்டியே திரும்பி வார்டுக்குப் போனேன். ஆறு வாரத்துக்கு மின்னாடி இருந்த சார்ட்டுங்க ஒரு கட்டு, இப்ப இருக்கறது ஒரு கட்டு. கூடவே கழுவி வெச்ச தெர்மாமீட்டரு ஒண்ணு. எல்லாத்தையும் அவரு மேசைல வெச்சேன்.

பழைய சார்ட்டுல புள்ளியெல்லாம் ஒரே நேர்க்கோடு. ஒவ்வொரு கட்டிலுக்கும், ஒவ்வொரு நாளும். புதுசுல மேல ஏறுது, கீழ எறங்குது, மறுபடியும் ஏறுது. அவரு யார்டுல தண்டவாளக் கோடுங்களப் பாத்தே முப்பது வருசம் ஓட்டினவரு. பொரட்டப் பொரட்ட அவரு மொகம் மாறிச்சு.

"ஒரு ஜுரம் பாக்கறதுக்கு என்னம்மா நேரம் ஆகப் போகுது?" எழுந்து நின்னு கத்தினாரு. "ஒரு செகண்டு! அதுக்குக்கூடவா உங்களுக்கு..."

வாயத் தொறந்துகினு இருந்தாரா, தெர்மாமீட்டரை உள்ள வெச்சுட்டேன்.

"நாக்குக்கு அடில சார். வாய மூடுங்க. கடிச்சுடாதீங்க, உள்ள பாதரசம். குந்துங்க."

பாதரசம்னதும் மனுசன் அப்டியே குந்திட்டாரு. கண்ணு ரெண்டும் முழி பிதுங்கி வெளிய நிக்குது. நான் வாட்ச்சைப் பாத்துகினேன்.

"ரெண்டு நிமிசம் ஆவும் சார். நீங்க பேச முடியாது, நான் பேசறேன். ஒருத்தருக்கு ரெண்டு நிமிசம்னா முப்பத்திநாலு பேருக்கு அறுவத்தெட்டு நிமிசம். ஒரு டூட்டில ரெண்டு தபா. சொம்மா வாயப் பாத்துகினு நிக்கறதுக்கே ரெண்டே கால் மணி நேரம். ஊசி, மாத்திரை, கட்டு, டிரிப்ஸு, டாக்டரு ரவுண்டு, செத்துப் போனவங்க வூட்டு ஆளுங்களுக்குப் பதிலு, அதெல்லாம் தனி. ரெண்டு வருசமா உங்ககிட்ட வந்து கேட்டேன். நீங்க பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நாங்க தொட்டுப் பாத்தோம். சுப்பராயன்னு ஒரு மனுசன் கால் போயிருக்கும் சார். நான் தொட்ட மனுசன். அந்தப் பொண்ணு ரெண்டு நிமிசம் நின்னதால அவரு நடந்து வூட்டுக்குப் போனாரு. நான் பண்ணது தப்பு. இல்லேன்னு சொல்லல. ஆனா மறுபடியும் ரெண்டு பேருன்னா மறுபடியும் அதே தப்பத்தான் பண்ணுவேன். வேற வழி இல்ல சார்."

அழக் கூடாதுன்னு பாத்தேன். அழுகை வந்துடுச்சு. மூக்கை உறிஞ்சிகினே வாட்ச்சைப் பாத்தேன். இன்னும் இருபது செகண்டு இருந்துச்சு. அலெக்ஸாண்டர் சாரு தெர்மாமீட்டரை உதட்டால புடிச்சுகினு என்னையே பாத்துகினு இருந்தாரு. ரெண்டு நிமிசம்ன்றது எவ்ளோ நீளம்னு அன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாத்தேன். நூத்தி ஒண்ணு.

"சார், உங்களுக்கு ஜுரம்."

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லையே! கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான்."

நெத்தில கைய வெச்சேன். மெய்யாலுமே சூடா தெரியல, அதான் வேடிக்கை. வேர்வையில சில்லுன்னு இருந்துச்சு. என் கைக்கு நூத்துக்கு நூறு தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு.

"கை நார்மல்னுதான் சொல்லுது. நார்மல்னே எழுதிடட்டுமா சார்?"

அறிவு சிரிப்பை அடக்க முடியாம சொவத்துப் பக்கம் திரும்பிட்டாரு. அலெக்ஸாண்டர் சாரு சிரிக்கல. ரொம்ப நேரம் அந்தப் பழைய சார்ட்டுங்களத் தடவிகினே இருந்தாரு.

"எல்சி, இத நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி இருக்க முடியாது. உனக்கு மெமோ குடுத்தே ஆகணும்."

"குடுங்க சார். காரணத்தையும் எழுதுங்க."

"எழுதினா ஃபைல்ல நிக்கும். டிரஸ்ட் படிப்பாங்க, சான்றிதழ்காரங்களும் படிப்பாங்க. ஆளை உடனே போட்டுத்தான் ஆகணும். ஆனா மெமோ உன் பேர்லதான் இருக்கும். அது உன் சர்வீஸ் புக்குல கடைசி வரைக்கும் கிடக்கும். யோசிச்சுக்கோ. மெமோ இல்லாமலும் முடிச்சுடலாம். பழைய சார்ட்டை நான் பாக்கல, அந்தப் பொண்ணு இன்னிக்கோட போயிடட்டும்."

அவரு எனுக்கு நல்லதுதான் நெனச்சாரு, அது புரிஞ்சுது. பதினெட்டு வருசம். ஹெட் நர்ஸ் போஸ்டு அடுத்த வருசம் காலியாவுது, அதுக்கு என் பேருதான் மொதல்ல கீது. இருந்துச்சு.

"எழுதுங்க சார்"ன்னேன்.

ஜுரத்தோடவே எழுதினாரு. சார்ட்டுகளில் பார்க்காமலே அளவு எழுதியதற்காக இன்சார்ஜ் சிஸ்டர் எல்சி மீது நடவடிக்கைன்னு ஒரு வரி. அடுத்த வரில, காரணம்: முப்பத்திநாலு நோயாளிகளுக்குப் போதிய செவிலியர் இல்லாமை, இரண்டு ஆண்டுகளாகப் பலமுறை தெரிவித்தும் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கவில்லைன்னு. அந்த 'நிர்வாகம்' அவருதான். அதை எழுதறப்ப ஒரு நிமிசம் பேனா நின்னுச்சு. அப்பாலிக்கா எழுதிட்டாரு. அந்த ஒரு வரிக்காகவே அந்த மனுசனை நான் எத்தினி திட்டு திட்டினேனோ அத்தினியும் வாபஸ் வாங்கிகினேன்.

வெளிய ஜூடியும் சிவந்தியும் நின்னுகினு இருந்தாங்க. கதவு வழியா எல்லாம் கேட்டுகினுதான் இருந்துருக்காங்க. சிவந்தி பையெல்லாம் கட்டி வெச்சுட்டா, கண்ணெல்லாம் செவப்பா கீது. என்கிட்ட இன்னாவோ சொல்ல வந்தா.

"அப்பறம் பேசிக்கலாம். உள்ள ஒரு பேஷண்டு கீறாரு, நூத்தி ஒண்ணு. அரை மணி கழிச்சு மறுபடியும் பாக்கணும். போ"ன்னேன்.

அவ பைய அங்கயே கீழ வெச்சுட்டு உள்ள போனா. நானும் பின்னாடியே போயி, மேனேஜரு பேனாவையே வாங்கி, மெமோவுல என் முழுப் பேரையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன்.